செம்மண் ஏற்றத்தில் இரண்டு தட்டு

இதில் எதை லோஜன் சொன்னான், எதை நானாகச் சேர்த்துக்கொண்டேன் என்று இப்போது பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வருடம் தொண்ணூற்றேழு என்றுதான் நினைக்கிறேன். தொண்ணூற்றெட்டாகவும் இருக்கலாம். ஜூன் மாதம்... அது நிச்சயம். லோஜன் பெல்மதுளையில் என்னோடு ஒரே கடையில் வேலை செய்தவன். கதையில் வரும் லொறியை ஓட்டியது அவனுடைய தாய்மாமா செல்லையா. அவரை நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். ஆளுக்கொரு பிளேன்டீயைக் குடித்து முடிக்கும்வரை எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நான் எதையும் கேட்கவில்லை. மேசைக்குக் கீழே அவருடைய வலது கால் மட்டும் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

இந்தக் கதையை நான் சொன்னது ஒரு வானுக்குள். இரண்டாயிரத்து ஒன்பது, மழைக்காலம். தெரணியகலைக்கு இந்தப் பக்கம் மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது. முன்னால் இருபது வாகனம், பின்னால் இருபது வாகனம். பெட்டரி இறங்கிவிடும் என்று முக்தார் நானா விளக்குகளை அணைத்துவிட்டார். வான் அவருடையது. நாங்கள் ஏழு பேர் கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்புகிறவர்கள். பெண்களும் ஆண்களுமாக முழங்கால் முட்ட நெருங்கி உட்கார்ந்திருந்தோம். கண்ணாடியெல்லாம் மூச்சுக் காற்றில் வெளிறிப்போயிருந்தது.

"யாராவது என்னத்தையாவது செல்லுங்களேன்," என்றார் முக்தார் நானா. "சும்மா இருந்தா மழச் சத்தம்தான் கேக்குது. எனக்கு அந்தச் சத்தம் புடிக்கல்ல."

சொன்னேன்.

மாலை ஆறு இருபது. நான்கு நாளாக விடாத மழை. ஊத்துமலைத் தோட்டத்துக் கீழ் டிவிசனிலிருந்து தெரணியகலை ரோட்டுக்கு வரும் மண்பாதை. மூன்று மைல். ஒரு பக்கம் றப்பர், ஒரு பக்கம் பள்ளம். அந்த நேரத்தில் அதில் போய்க்கொண்டிருந்தது ஒரே ஒரு வாகனம். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி.

பின்னால் மழைக்குப் போடும் தார்ப்பாய்ப் படங்கைக் கூடாரம் மாதிரி இழுத்துக் கட்டி, அதற்குக் கீழே ஒரு பெண்ணைப் படுக்க வைத்திருந்தார்கள். விஜயகலா. தலைப்பிரசவம். பிள்ளை கால் பக்கமாக இறங்கியிருந்தது. பக்கத்தில் தோட்டத்து மருத்துவிச்சி புஷ்பம், ஐம்பது வயது. அந்த டிவிசனில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள். 'ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போகலைன்னா ரெண்டு உசுரும் போயிரும்' என்று சொல்லியிருந்தார். புஷ்பம் கூட்டிச் சொல்லும் ஆள் இல்லை. முன்னால் செல்லையா. அவர் பக்கத்தில் விஜயகலாவின் புருஷன் சுமன், மடியில் கட்டையை வைத்துக்கொண்டு.

கட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்துச் செம்மண் நான்கு நாள் நனைந்தால் அது மண் இல்லை, குளிக்கிற சவுக்காரம். அதில் லொறி ஓட்ட ஒரு முறை இருக்கிறது. பின் டயர்களுக்குச் சங்கிலி சுற்ற வேண்டும். தேயிலை உலர்த்தும் அடுப்பின் சாம்பலைச் சாக்குகளில் கட்டிப் பின்னச்சுக்கு நேர் மேலே அடுக்க வேண்டும். அது பாரமாகவும் இருக்கும், வழுக்கும் இடத்தில் தூவவும் ஆகும். இறக்கத்தில் பிரேக்கைத் தொடக்கூடாது, முதல் கியரே பிடித்துக்கொள்ளும். ஏற்றத்தில் கியரை மாற்றக்கூடாது. டயர் சுழன்றால் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். மேலும் மிதித்தால் குழிதான் விழும்.

"சரிதான்," என்றார் முக்தார் நானா இருட்டுக்குள்ளிருந்து. "மிதிச்சான் எண்டா முடிஞ்சான்."

நிறுத்தினால் லொறி பின்னால் வரும். அது பழைய லொறி, ஹேண்ட் பிரேக் பெயருக்குத்தான். அதனால் ஏற்றத்தில் டயர் சுழன்றதும் ஒரு ஆள் கட்டையோடு குதித்துப் பின்னால் ஓட வேண்டும். பலாமரக் கட்டை, ஆப்பு மாதிரிச் செதுக்கியது. பக்கவாட்டில் நின்று, காலால் உதைத்து, பின் டயருக்கு அடியில் செருக வேண்டும். கையால் கூடாது. குனியக் கூடாது. செருகிவிட்டுச் சாம்பலைத் தூவிவிட்டுப் பின்பலகையில் இரண்டு தட்டு. கட்டை இறுகிவிட்டது, பிரேக்கை விட்டு எடுக்கலாம் என்று அர்த்தம். ஒரு தட்டு என்றால், நில். மழையிலும் எஞ்சின் இரைச்சலிலும் ஓட்டுகிறவருக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது. அந்தத் தட்டை நம்பித்தான் காலை எடுப்பார்.

செல்லையாவின் லொறிக்குப் பதினொரு வருடம் கட்டை போட்டவர் சின்னத்தம்பி. பாதையின் நடுவே ஓர் ஓடை, அதன் மேல் சின்னப் பாலம், பாலத்தைத் தாண்டியதும் இருநூறு யார், அதாவது இருநூறு கஜம், நீளத்துக்கு ஏற்றம். செம்மண் ஏற்றம் என்பார்கள். முந்தைய வருடம் ஒரு மழை நாளில் பாதி ஏற்றத்தில் டயர் சுழன்றது. செல்லையா பிரேக்கை மிதித்து நின்றார். சின்னத்தம்பி குதித்து ஓடினார். இரண்டு தட்டுக் கேட்டது. செல்லையா காலை எடுத்தார். லொறி பின்னால் அரைச் சுற்று உருண்டது... அரைச் சுற்றுத்தான்.

சின்னத்தம்பி அதற்குக் கீழே இருந்தார்.

செல்லையா தூங்கிவிட்டார் என்று தொழிலாளர் லயத்தில் பாதிப் பேர் சொன்னார்கள். சின்னத்தம்பி குடித்திருந்தார் என்று மீதிப் பேர் சொன்னார்கள். செல்லையா சொன்னது ஒன்றே ஒன்று. "ரெண்டு தட்டுக் கேட்டுச்சு." விசாரணையில் அதைச் சொன்னார். சாவு வீட்டிலும் சொன்னார். பிறகு அவர் சொல்வதை நிறுத்திவிட்டார்.

ஏற்றத்தின் அடியில் ஒரு தட்டைக் கல்லைக் கொண்டுவந்து வைத்தவரும் அவர்தான். அதற்குப் பிறகு எந்த லொறி வந்தாலும் கல்லருகே நிற்கும். கற்பூரம் கொளுத்தி, ஒரு பீடியைப் பற்றவைத்துக் கல்லின் மேல் வைப்பார்கள். சின்னத்தம்பி பேரைச் சொல்லி யாராவது ஒருவர் பின்பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவார். பிறகுதான் லொறி ஏறும். ஆறு மணிக்கு மேல் அந்த ஏற்றத்தில் கட்டை போட ஆளே கிடைக்காது. அன்றும் வழமையான ஆள் வரமாட்டேன் என்றுவிட்டான். அதனால்தான் சுமன். அவன் றப்பர் பால் வெட்டுகிறவன். கட்டையைக் கையில் தூக்கியதே அன்றுதான்.

விஜயகலா, சின்னத்தம்பியின் மகள்.

வானுக்குள் யாரோ ஒரு பெண் "அடி ஆத்தே" என்றாள்.

பாலத்தைத் தாண்டியதும் செல்லையா லொறியை நிறுத்தினார். ஒரு வைப்பர்தான் வேலை செய்தது. ஹெட்லைட் வெளிச்சத்தில் மழை, அதற்கு அப்பால் சிவப்பாக ஓடும் தண்ணீர். ரோடு தெரியவில்லை. சுமன் இறங்கிப்போய்க் கல்லருகே குந்தினான். தீக்குச்சி கிழிக்கும் சத்தம்... அணையும் சத்தம்... மறுபடியும்.

"கற்பூரம் நனைஞ்சிருச்சுண்ணே."

"விடுடா. வந்து ஏறு."

"ஒரு நிமிசம்ணே. கொளுத்தாமப் போனா மாமா கோவிச்சுக்குவாரு."

பின்னாலிருந்து புஷ்பத்தின் குரல் வந்தது. "அங்க என்னா திருவிழாவா நடக்குது? இங்க ஒருத்தி செத்துக்கிட்டு இருக்கா. செத்துப்போனவருக்கு நாளைக்குக் கொளுத்தலாம், எடுங்க!"

விஜயகலா ஒரே ஒரு முறை "அப்பா" என்றாள். மழையிலும் அது செல்லையாவுக்குக் கேட்டது.

அவர் கல்லைப் பார்த்தார். ஒரு வருடமாக ஒரு நாள்கூட அவர் அந்தக் கல்லைத் தாண்டிச் சும்மா போனதில்லை. "சின்னத்தம்பி, உள்ள இருக்கிறது ஒம் மக. வழிய விடு," என்றார். முதல் கியரைப் போட்டார். கற்பூரம் இல்லை, பீடி இல்லை, யாரும் தட்டவும் இல்லை.

லொறி ஏறியது. சங்கிலி மண்ணைக் கடிக்கும் சத்தம். கிளச் தேயும் வாசனை. ஐம்பது யார்... எண்பது யார். செல்லையா மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். நூறு யார் தாண்டியிருக்கும். பின் டயர் சுழன்றது. லொறியின் பின்பக்கம் பள்ளத்தை நோக்கி மெதுவாக ஒதுங்கியது. பிரேக்கை மிதித்தார். நின்றது. வலது காலில் முழு உடம்பையும் வைத்து அழுத்தினார்.

"ஓடு! காலால போடுடா... கையால போடாத!"

சுமன் கட்டையோடு குதித்தான். கதவு அடித்து மூடியது. பிறகு மழை மட்டும்.

டக்... டக்.

இரண்டு தட்டு. தெளிவாக. உள்ளங்கை பலகையில் விழும் சத்தம்.

செல்லையாவின் கால் நகத்தளவு மேலே வந்தது. அப்படியே நின்றது.

பதினொரு வருடம் ஒரே ஆளோடு ஓட்டியவருக்கு ஒரு கணக்கு உடம்பில் ஊறியிருக்கும். கதவிலிருந்து பின் டயருக்கு ஓட, கட்டையை உதைத்துச் செருக, நிமிர்ந்து தட்ட, சின்னத்தம்பிக்கே மனதுக்குள் ஏழு எண்ண வேண்டும். இந்தத் தட்டு நாலிலேயே வந்துவிட்டது. வழுக்கும் மண்ணில், பழக்கமில்லாத ஒருவன், நாலில் தட்டுவானா?

அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. போன வருடமும் நாலு.

ஒரு வருடம் முழுக்க அந்த மாலையைத் திரும்பத் திரும்ப நினைத்தும் இதை அவர் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"சுமன்!" என்று கத்தினார். பதில் இல்லை.

டக்... டக்.

"தட்டுறான்ல, கேக்கலையாண்ணே? எடுங்க!" என்றார் புஷ்பம்.

"சுமன்! டேய், வாயத் தொறந்து சொல்லுடா!"

மழை. எஞ்சின் அதிர்வு. காலுக்கடியில் பிரேக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. பழைய பிரேக், அதிக நேரம் பிடிக்காது. இறங்கிப்போய்ப் பார்க்கவும் முடியாது. காலை எடுத்தால் லொறி போய்விடும்.

டக்... டக். டக்... டக். இப்போது வேகமாக. அவசரமாக. கோபப்படும் ஆள் மாதிரி.

"புஷ்பம்! தட்டுற ஆளப் பாத்தியா?"

"என்னா?"

"மூஞ்சியப் பாத்தியான்னு கேக்குறேன். எட்டிப் பாரு. லைட்ட அடிச்சுப் பாரு. பாக்காம நான் எடுக்கமாட்டேன்."

"புள்ளையோட ஒரு கால் வெளிய வந்துருச்சு, அறிவுகெட்ட மனுசா! நான் கைய எடுத்தா..."

"பாத்துட்டுச் சொல்லு!"

டக்... டக். டக்... டக். அது நிற்கவில்லை. பலகை அதிர்வது செல்லையாவின் முதுகு வரை வந்தது. விஜயகலா இப்போது கத்தவில்லை, முனகினாள். கத்தாதது கத்துவதைவிடப் பயமாக இருந்தது. செல்லையாவின் தொடை நடுங்கத் தொடங்கியது. அவர் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக் கீழே அழுத்திக்கொண்டார். பிறகு இருட்டைப் பார்த்துப் பேசினார். புஷ்பத்தோடு இல்லை. சுமனோடும் இல்லை.

"தட்டு. விடிய விடியத் தட்டு. கை ஒடியத் தட்டு. ஒருக்கா ஏமாந்துட்டேன். இந்தக் கால எடுக்கமாட்டேன்."

பின்னால் படங்கு விலகும் சத்தம். டோர்ச் வெளிச்சம் றப்பர் மரங்களில் ஒரு முறை ஓடி மறைந்தது. பிறகு எதுவுமில்லை. வெகுநேரம் எதுவுமில்லை. அப்படித்தான் செல்லையாவுக்கு இருந்தது. ஐந்து விநாடியாகவும் இருக்கலாம்.

"அண்ணே..." புஷ்பத்தின் குரல் மாறியிருந்தது. "எடுத்துறாதீங்கண்ணே."

சுமன் டயருக்குப் பின்னால் குப்புறக் கிடந்தான். கையால் கட்டையை வைக்கக் குனிந்திருக்கிறான். கால் வழுக்கியிருக்கிறது. கட்டை பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் போய்விட்டது. அவனுடைய இடது தோளின் ஓரம் இரட்டை டயருக்கு அடியில் சிக்கியிருந்தது. வாய் நிறையச் சேறு. கத்த முடியாமல் ஒரு கையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான்.

பின்பலகைக்கு வெளியே யாரும் நிற்கவில்லை. புஷ்பம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே மறுபடியும் கேட்டது, அவர் காதுக்குப் பக்கத்தில். டக்... டக். சின்னத்தம்பி இருக்கும் இடத்தில் பீடி வாசனை இருக்கும். அது இல்லை. வருடக் கணக்காகப் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வரும் வாசனை ஒன்று இருந்தது என்று புஷ்பம் பிறகு சொன்னார்.

செல்லையா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். சின்னத்தம்பி தன் மகளின் புருஷனைக் கொல்வானா? மகள் உள்ளே கிடக்கும்போது? மாட்டான். அப்படியென்றால் இது சின்னத்தம்பி இல்லை. அப்படியென்றால்... போன வருடம் தட்டியதும் சின்னத்தம்பி இல்லை. அவன் அப்போது கட்டையோடு குனிந்துகொண்டிருந்தான். அவன் தட்டவே இல்லை.

வானுக்கு வெளியே யாரோ கதவை அறைந்து மூடினார்கள். எல்லோரும் ஒரு முறை அசைந்து உட்கார்ந்தோம்.

புஷ்பம் இறங்கினார். சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, சுமனைக் காலைப் பிடித்து இழுத்தார். கானுக்குள் கையை விட்டுக் கட்டையைத் தேடி எடுத்தார். அவ்வளவு நேரமும் அது தட்டிக்கொண்டே இருந்தது. அவர் வாய் ஓயவே இல்லை.

"யார்ரா நீ, எடுபட்ட நாயே? பொம்பள வலியில கெடக்கா, உனக்கு மேளமா கேக்குது? என் கையில எத்தன புள்ள பொறந்திருக்கு தெரியுமா? உன்ன மாதிரி எத்தனையத் துணியில சுத்திப் பொதைச்சிருக்கேன் தெரியுமா? தட்டுடா, தட்டு!"

கட்டையை டயருக்குப் பின்னால் வைத்து, பக்கவாட்டில் நின்று, குதிகாலால் மூன்று முறை உதைத்தார். ஒரு சாக்குச் சாம்பலை இழுத்து டயருக்கு முன்னால் கொட்டினார். சுமனைத் தூக்கி நிறுத்தி முன் கதவுக்குள் தள்ளினார். பிறகு ஓட்டும் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார். முகமெல்லாம் சாம்பலும் சேறும்.

"அண்ணே, இனிமே தட்டு கிட்டு ஒண்ணும் கெடையாது. பின்னாலருந்து நான் வாயால சொல்லுவேன். ஒங்க பேரச் சொல்லித்தான் சொல்லுவேன். மத்த எந்தச் சத்தத்துக்கும் கால அசைக்காதீங்க."

"விஜயகலாகிட்ட யாரு?"

"கடவுள் இருக்காரு. ஏறுங்க மேல."

பின்னால் போனார். "செல்லையாண்ணே! புஷ்பம் சொல்றேன். கட்டை வச்சாச்சு. எடுங்க!"

செல்லையா காலை எடுத்தார். லொறி கட்டையில் உட்கார்ந்து, நின்று, பிறகு முன்னால் நகர்ந்தது. சாம்பலில் டயர் பிடித்தது.

இப்போது தட்டு மாறியது. டக். ஒன்று. நில் என்று. டக். பாதி ஏற்றத்தில் ஓடிக்கொண்டிருக்கும் லொறியை நிறுத்தினால் மறுபடியும் எடுக்க முடியாது. அது அவருக்குத் தெரியும். அதற்கும் தெரிந்திருக்கிறது. டக். டக் என்று விட்டு விட்டு, அவருடைய முதுகுக்குக் கிட்டக் கிட்ட வந்தது. பதினொரு வருடப் பழக்கத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் கால் பிரேக்குக்குப் போகத் துடித்தது. அவர் போகவிடவில்லை. "சொல்லிக்கிட்டே வா, புஷ்பம்!" என்று கத்தினார். பின்னால் மூச்சிரைக்க நடந்துகொண்டே புஷ்பம் கூப்பிட்டார். "செல்லையாண்ணே, போங்க... செல்லையாண்ணே, வலது பக்கம் புடிங்க... போங்கண்ணே, போங்க, மேட்டுக்கு வந்துட்டோம்!"

தார் ரோட்டில் டயர் ஏறியதும் சத்தம் நின்றது.

ஏழு நாற்பதுக்குத் தெரணியகலை ஆஸ்பத்திரி. எட்டு மணி பத்து நிமிடத்துக்குப் பெண் பிள்ளை பிறந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் உயிர் இருந்தது. செல்லையா அன்றிரவு ஆஸ்பத்திரி மர வாங்கில் உட்கார்ந்தே தூங்கினார்.

விடிந்ததும் லொறியைக் கழுவப் போனார். மழை விட்டிருந்தது. பின்பலகையின் வெளிப்பக்கத்தைப் பார்த்தார். ஒன்றுமில்லை, மழை கழுவியிருந்தது. படங்கைத் தூக்கிவிட்டு உள்ளே ஏறினார்.

சாம்பல் அப்பிய கைத்தடங்கள். உள்பக்கத்தில்.

பின்பலகையின் உள்பக்கம் முழுக்க ஜோடி ஜோடியாக. தட்டியது வெளியே நின்று இல்லை. அவர்களோடு படங்குக்குள்ளே இருந்திருக்கிறது. பின்பலகையிலிருந்து பக்கப் பலகைக்கு வந்திருந்தன. அங்கே ஒற்றை ஒற்றையாக. விஜயகலாவின் தலை இருந்த இடத்தைத் தாண்டி முன்னால் போயிருந்தன. கடைசித் தடம் முன்பலகையில். அவருடைய முதுகுக்கு நேர் பின்னால்.

அவர் எதையும் கழுவவில்லை. லொறியில் ஏறி, அந்தத் தடங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தனியாகத் தோட்டத்துக்கு ஓட்டிவந்தார். வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்ததாகச் சொல்கிறார்கள். செம்மண் ஏற்றத்தை இறங்கியதும் நிறுத்தி, அந்தத் தட்டைக் கல்லைப் பெயர்த்து ஓடைக்குள் போட்டார். கொழுந்தெடுக்கப் போன பெண்கள் பதறினார்கள்.

"அய்யய்யோ, சின்னத்தம்பி அண்ணனுக்கு வச்ச கல்லுல்ல!"

"ஒரு வருசமா நாம பீடி குடுத்தது சின்னத்தம்பிக்கு இல்ல," என்றார் செல்லையா.

பெக்டரி முற்றத்தில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, விறகு பிளக்கும் கோடாலியை எடுத்தார். பின்பலகையைப் பிளந்தார். பக்கப் பலகையில் பாதியைப் பிளந்தார். முன்பலகைக்கு வருவதற்குள் காவல்காரர்களும் கணக்கப்பிள்ளையும் பிடித்துவிட்டார்கள். தோட்டத்து மனேஜர் துரை வந்து, யாரைக் கேட்டு லொறியை எடுத்தாய், யாரைக் கேட்டு உடைக்கிறாய் என்றார்.

"அது ஏத்தத்துல இல்லங்க. இதுலதான் இருக்கு. முழுசாக் கொளுத்துங்க. வேலய வேணும்னா எடுத்துக்குங்க."

வேலையை எடுத்துக்கொண்டார்கள். லொறியைக் கொளுத்தவில்லை.

அதோடு நிறுத்தினேன். மழை வானின் கூரையில் விழுந்துகொண்டிருந்தது.

"அப்ப அது ஆரு?" என்றார் முக்தார் நானா.

தெரியாது என்றேன். லோஜனுக்கும் தெரியாது. அந்த லொறி தோட்டத்துக்கு வருமுன் யாரிடம் இருந்தது என்று செல்லையா ஆபீசில் கேட்டுப் பார்த்தாராம். சொல்லவில்லை.

"மத்தவங்கல்லாம் என்னாவுனாங்க?" என்று பின்னாலிருந்து அந்தப் பெண் கேட்டாள்.

விஜயகலாவும் சுமனும் அடுத்த வருடமே பெல்மதுளைக்குப் போய்விட்டார்கள். சுமனின் இடது கை தோளுக்கு மேல் உயராது. பால் வெட்டும் வேலையை விட்டுவிட்டு மரக்கறிக் கடை வைத்திருக்கிறான். பிள்ளைக்கு டிலானி என்று பெயர். பன்னிரண்டு வயது. நன்றாகப் படிக்கிறாள். புஷ்பம் வேலையிலிருந்து ஓய்வு எடுத்துவிட்டு அதே லயத்தில்தான் இருக்கிறார். செல்லையா தெரணியகலையில் முச்சக்கர வண்டி ஓட்டினார். இரண்டு வருடத்துக்கு முன் சீனி வருத்தத்தில், அதாவது சர்க்கரை வியாதியில், இறந்தார். செம்மண் ஏற்றத்துக்குத் தோட்டம் கொங்கிரீட் போட்டது. அங்கே பிறகு ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. லொறிக்குப் புதுப் பின்பலகை போட்டு விற்றார்கள். வரக்காப்பொலையில் கபூர் என்பவர் வாங்கி மணல் ஏற்றினார். ஒன்றரை வருடத்தில் அவருக்குக் கட்டை போட்ட கிளீனர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். இரண்டு பேரும் பின் டயருக்கு அடியில்.